குயின் அலெக்சாண்ட்ரா சாலையில் காத்திருந்தவன்: டாய் டால்ஸ் குழுவின் முதல் ஆல்பம்

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், வியர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள சந்தர்லாந்து நகரில் குயின் அலெக்சாண்ட்ரா சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே வந்து நிற்கிறேன் என்று ஒரு பெண் சொல்கிறாள், அதை நம்பிப் போனவன் காத்துக் கிடக்கிறான், அவள் வரவில்லை. கதை இவ்வளவுதான். இந்தக் கதை முழுவதையும், சொன்ன இடம், எழுந்த சந்தேகம், கடைசியில் கிடைத்த ஏமாற்றம் வரை, பாட்டின் தலைப்பிலேயே ஒரு நீண்ட வாக்கியமாக எழுதி முடித்துவிட்டு, இனிப் பாடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்ற கவலை சிறிதும் இல்லாமல் ஒரு குழு பாடுகிறது. அந்தக் குழுவின் பெயர் டாய் டால்ஸ். அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘டிக் தட் க்ரூவ் பேபி’ 1983இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம். நாற்பது ஆண்டுகள் கடந்த இசைத்தட்டுக்கு இப்போது மதிப்புரை எழுதுவது சற்றுத் தாமதம்தான். ஆனால் அண்மையில்தான் எனக்கு அதன் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து வீட்டில் வேறெதுவும் ஒலிக்கவில்லை.

பங்க் ராக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கோபம். மூன்று சுரக்கட்டு, அதிவேகத் தாளம், அரசாங்கத்தையும் அரண்மனையையும் திட்டும் குரல் என்றுதான் அந்த இசை உலகெங்கும் அறிமுகமாயிற்று. சந்தர்லாந்துக்குச் சில மைல் வடக்கே உள்ள சவுத் ஷீல்ட்ஸிலிருந்து வந்த ஏஞ்சலிக் அப்ஸ்டார்ட்ஸ் குழு காவல் துறையின் வன்முறையைக் குற்றம் சாட்டிப் பாடியே பெயர் பெற்றது. அதே வட்டாரத்தில், அதே ஆண்டுகளில், அதே மலிவான கித்தார்களை எடுத்துக்கொண்டு, உடை மாற்றும் அறையில் சிலந்தி இருக்கிறது, நான் உள்ளே போக மாட்டேன் என்று பாடுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். 1979இல் தொடங்கிய டாய் டால்ஸுக்கு அந்தத் துணிச்சல் முதலிலிருந்தே இருந்தது. நால்வராக ஆரம்பித்த குழுவில் பாடகர் விலகிப் போக, மாற்றாக வந்தவரும் நிலைக்காமல் போக, கித்தார் வாசித்துக்கொண்டிருந்த ஓல்கா பாடும் வேலையையும் தானே ஏற்றுக்கொண்டார். ஓல்கா என்பது புனைபெயர். இயற்பெயர் மைக்கேல் ஆல்கர். அன்று முதல் இன்று வரை குழுவில் நிலையாக இருப்பவர் அவர் ஒருவரே. பேஸ் வாசித்தவர்களும் டிரம்ஸ் வாசித்தவர்களும் வந்து வந்து போயிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய முயன்று நான் தோற்றேன்.

ஆல்பம் ஒரு சிறு இசைத்துணுக்கில் தொடங்கி அதே துணுக்கில் முடிகிறது. நாடகக் கொட்டகையில் திரை ஏறும்போதும் இறங்கும்போதும் வாசிப்பதைப் போன்ற இந்த ஏற்பாட்டைப் பின்னர் வந்த ஆல்பங்களிலும் அவர்கள் தொடர்ந்தார்கள். இரண்டு துணுக்குகளுக்கும் நடுவே பன்னிரண்டு பாடல்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்குக்கூட இவற்றில் பாதி உடனே விளங்காது, ஏனென்றால் இவை ஆங்கிலேயர்கள் எல்லோருக்குமாக எழுதப்பட்டவை அல்ல. நான்கைந்து தெருக்களுக்காக எழுதப்பட்டவை. ‘டூகி ஜைரோ’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜைரோ என்பது வேலை இல்லாதவருக்கு அரசு அஞ்சலில் அனுப்பிய உதவித்தொகைக் காசோலை. ஒருவனுடைய பெயரோடு அந்தக் காசோலையின் பெயரையே குடும்பப் பெயர்போல ஒட்டிவிட்டால், அவன் எதைத் தின்று எதைக் குடித்து வாழ்கிறான் என்பதை அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘ஃபயரி ஜாக்’ என்பது முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் பிரிட்டனில் தேய்த்துக்கொண்ட, தோலைச் சுடும் ஒரு தைலத்தின் பெயர். நம் வீடுகளில் பாட்டியின் தலைமாட்டில் இருக்கும் தைலக் குப்பியைப் பற்றி ஒரு ராக் பாட்டு வந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தர்லாந்து ஒருகாலத்தில் உலகின் பெரிய கப்பல் கட்டும் நகரங்களுள் ஒன்று. குழு தொடங்கிய காலத்தில் அந்தத் தொழில் நோயாளியாகப் படுத்திருந்தது. 1988இன் இறுதியில் எஞ்சியிருந்த தளங்களையும் மூடும் முடிவு வந்தது. ஆற்றங்கரை நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அது இருந்த இடத்தில்தான் 1997 முதல் கால்பந்து அரங்கம் நிற்கிறது. இவ்வளவு சரிவுக்கு நடுவில் வளர்ந்த இளைஞர்கள் ஒரு பாட்டில்கூட வேலையின்மையைப் பற்றி முழக்கம் எழுப்பாதது அக்காலத்து விமர்சகர்கள் சிலருக்கு லேசான காரியமாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசோலை வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவன், காதலிக்காகச் சாலையோரம் நின்று ஏமாந்தவன், தைலம் தேய்த்துக்கொள்பவன் என்று இந்த ஆல்பத்தில் வருகிறவர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், கையில் காசு இல்லாத ஒரு நகரத்தின் ஒரு வாரம் நன்றாகவே தெரிகிறது. அதை அழாமல் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி இசைக்கு வருவோம். நகைச்சுவைக் குழுக்களிடம் பொதுவாக ஒரு சோம்பல் உண்டு: சிரிப்பு வந்துவிட்டால் போதும், வாசிப்பு எப்படி இருந்தாலென்ன என்ற எண்ணம். டாய் டால்ஸிடம் அந்தச் சோம்பல் கிடையாது. ஓல்காவின் கித்தார் வாசிப்பு பங்க் இசையின் வழக்கமான அளவுகோலுக்கு வெகுவாக மேலே நிற்பது. பெரும்பாலான பங்க் கித்தார்க்காரர்கள் இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து அறைந்து ஒரு சுவரைப் போல ஒலியை எழுப்புவார்கள். இவரோ அந்தச் சுவரை எழுப்பிக்கொண்டே, பாட்டின் இடைவெளிகளில் ஒற்றைத் தந்தியில் மணி மணியாகச் சுரங்களை உதிர்க்கிறார். அந்த வேகத்திலும் ஒரு சுரம் இன்னொன்றின் மேல் ஏறி மிதிப்பதில்லை. பிற்காலத்தில் இதே குழு பாக் இயற்றிய புகழ்பெற்ற டி மைனர் டொக்காட்டாவைப் பங்க் வேகத்தில் வாசித்தது; அந்த விபரீத ஆசைக்கான விரல் பயிற்சி இந்த முதல் ஆல்பத்திலேயே கேட்கிறது. மூவர் மட்டுமே உள்ள குழுவில், மேடையில் கித்தார் தனி வாசிப்புக்குப் போய்விட்டால் அடியில் சுரத்தைத் தாங்கிப் பிடிக்க வேறு கித்தார் கிடையாது. அந்தச் சுமை முழுவதும் பேஸ் வாசிப்பவரின் தலையில் விழுகிறது. இந்த ஆல்பத்தில் பேஸ் கித்தாரை மட்டும் காதால் பின்தொடர்ந்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வெறும் டம்மு டம்மென்று ஒரே சுரத்தில் தட்டிக்கொண்டிராமல், பாட்டுக்கு அடியில் இன்னொரு குட்டிப் பாட்டு ஓடிக்கொண்டிருப்பது புரியும்.

குரலைப் பற்றி எச்சரித்துவிடுவது நியாயம். ஓல்காவின் குரல் மூக்கால் வருவது, கீச்சென்று உச்சியில் நிற்பது, சந்தர்லாந்து வட்டார உச்சரிப்பில் தோய்ந்தது. பக்கத்து நியூகாசில்காரர்களைப் போலவே இவர்கள் பேசுகிறார்கள் என்று வெளியூர்க்காரர் யாராவது சொல்லிவிட்டால் சந்தர்லாந்துக்காரருக்குக் கோபம் வரும். மதுரைக்காரரிடம் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறீர்களே என்று சொல்வதைப் போன்றது அது. முதல் பாட்டில் இந்தக் குரல் வேடிக்கையாக இருக்கிறது. நான்காம் பாட்டில் பழகிவிடுகிறது. பத்தாம் பாட்டில், உண்மையைச் சொன்னால், காது கொஞ்சம் ஓய்வு கேட்கிறது. ஆல்பம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுவதால் அந்த ஓய்வும் கிடைப்பதில்லை.

இப்போது யானைக்கு வருவோம். இந்த ஆல்பத்தை உலகம் அறிந்ததற்குக் காரணமான ‘நெல்லி தி எலிஃபன்ட்’ அவர்களுடைய சொந்தப் பாட்டு அன்று. ரால்ஃப் பட்லர், பீட்டர் ஹார்ட் இருவரும் எழுதி, 1956இல் மாண்டி மில்லர் என்ற சிறுமி பாடிய குழந்தைப் பாட்டு அது. பம்பாய்க்கு ஒரு சர்க்கஸ் வருகிறது. அதிலிருக்கும் புத்திசாலி யானையான நெல்லி, தொலைவிலிருந்து கூப்பிடும் தன் கூட்டத்தின் தலைவனிடம் போவதற்காக மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. இருவரும் சந்திக்கும் இடம் மாண்டலே போகும் சாலை. பம்பாயிலிருந்து பர்மா வரை ஒரு யானை நடந்த தூரத்தை அந்தக் காலத்து ஆங்கிலப் பாடலாசிரியர்கள் வரைபடத்தில் அளந்து பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பாட்டின் மையமான சிலேடை ஆங்கிலத்தில் தும்பிக்கைக்கும் பெட்டிக்கும் ஒரே சொல் இருப்பது. டிரங்குப் பெட்டியோடு வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை; காளமேகத்துக்குக் கிடைத்திருந்தால் ஒரு வெண்பா தேறியிருக்கும்.

டாய் டால்ஸ் இந்தப் பாட்டைக் கையாண்ட விதத்தைச் சற்று நெருங்கிக் கேட்க வேண்டும். வரிகளை அவர்கள் மாற்றவில்லை, கேலியாகத் திரிக்கவும் இல்லை. குழந்தைப் பாட்டைக் குழந்தைப் பாட்டாகவே, முழு நம்பிக்கையோடு, மூச்சுவிடாமல் பாடுகிறார்கள். பல்லவி வருவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ‘ஊ’ என்று ஒரு நீண்ட ஓசையைத் தாழ்ந்த சுரத்தில் எடுத்து, மெல்ல மெல்ல மேலே ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கொட்டு முழங்க மக்கள் கூட்டம் குந்தியிருந்து எழுவதைப் போல அந்த ஓசை உயர்கிறது. இதற்கு மேல் உயர இடமில்லை என்ற கட்டத்தில் அது உடைந்து, பல்லவி கொட்டிவிடுகிறது. இசைத்தட்டிலேயே இப்படியென்றால் அரங்கத்தில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். இரண்டாம் முறை அந்த ‘ஊ’ தொடங்கும்போது, தனியாக அறையில் உட்கார்ந்து மதிப்புரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நானே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

1982இல் தனிப்பாடலாக வந்த இது, 1984இல் மறுபடி வெளியாகி அந்த ஆண்டு டிசம்பரில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறிற்று. அந்த டிசம்பரை நினைத்துப் பாருங்கள். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நட்சத்திரப் பாடகர்கள் ஒன்றுகூடிப் பாடிய பாட்டு முதலிடத்தில் இருந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் பத்தாவது மாதமாக நடந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே, வால்யூம் ரெக்கார்ட்ஸ் என்ற வடகிழக்கு மாகாணத்துச் சிறு நிறுவனத்தின் முத்திரையோடு, ஒரு பங்க் குழு யானைப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே ஒரு பெரிய நிறுவனத்தின் கிளை முத்திரையில் ஒரு தனிப்பாடல் வெளியிட்டு, எதிர்பார்த்தது நடக்காமல், ஊருக்கே திரும்பிய குழு அது.

யானைப் பாட்டுக்கு மருத்துவத் துறையிலும் ஒரு கிளைக்கதை உண்டு. நின்றுபோன இதயத்தை மார்பில் அழுத்தி இயக்கும் முதலுதவிக்கு நிமிடத்துக்கு நூறு அழுத்தம் என்ற கணக்கு இருந்தது. அந்தத் தாளத்தை மனத்தில் நிறுத்தப் பிரிட்டனில் நெல்லி பாட்டை முணுமுணுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2009இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, பாட்டால் தாளம் சரியாகிறது, ஆனால் அழுத்தம் போதிய ஆழத்துக்குப் போவதில்லை என்று கண்டு, அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொன்னது. அவர்கள் சொன்னது பழைய குழந்தைப் பாட்டை. டாய் டால்ஸ் வேகத்தில் யாராவது அழுத்தியிருந்தால் நோயாளியின் விலா எலும்புகளை எண்ணி எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

மற்ற பாடல்களுள் ‘ஸ்பைடர்ஸ் இன் த டிரஸ்ஸிங் ரூம்’ என்ற சிலந்திப் பாட்டுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ராக் இசைக்கலைஞனின் மேடைப் பின்புற வாழ்க்கை என்றால் மதுவும் போதையும் என்று எழுதிக் குவித்த காலத்தில், அறைக்குள் பூச்சி இருப்பதால் நுழையப் பயப்படுகிற ஒருவனை நடுவில் நிறுத்தியது மிகச் சரியான குறும்பு. ‘க்ளென்டா அண்ட் த டெஸ்ட் ட்யூப் பேபி’ அன்றைய செய்தித்தாளிலிருந்து எடுத்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978இல் இங்கிலாந்தின் ஓல்டமில்தான் பிறந்தது. ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’ பழைய ராக் அண்ட் ரோல் பாட்டின் அதிவேக வடிவம். ஒரு முறை கேட்கச் சிரிப்பு வரும், பத்தாம் முறை எழுந்துபோய் ஊசியை நகர்த்தத் தோன்றும். ‘ஸ்டே மெல்லோ’ எனக்கு மனத்தில் நிற்கவில்லை.

குறைகள் இன்னும் சில உண்டு. ஒலிப்பதிவு மெலிந்தது, டிரம்ஸ் அட்டைப்பெட்டியில் தட்டியதைப் போலச் சில இடங்களில் கேட்கிறது. இதைக்கூடச் சிறு நிறுவனத்தின் வசதிக்குறைவு என்று விட்டுவிடலாம். விட்டுவிட முடியாதது, இவர்களுடைய நகைச்சுவையில் பெண்கள் வரும் இடம். வராமல் ஏமாற்றுகிறவள், பின்னால் அலையவிடுகிறவள் என்று ஒரே அச்சில் வார்த்த பாத்திரங்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பின்னாளில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் பெண் பாத்திரத்தை வசைச் சொல்லால் குறிக்கும் பாட்டுகூட எழுதினார்கள். அந்தக் காலத்து விடலைப் பையன்களின் பேச்சு அப்படித்தான் இருந்தது என்பது விளக்கம் ஆகலாம். ஆண்களைக் கேலி செய்யும்போது ஆளுக்கொரு கிறுக்கைத் தேடிக் கண்டுபிடித்த கலைஞர், பெண்களுக்கு மட்டும் அந்த உழைப்பைத் தரவில்லை என்பதுதான் என் குறை.

தலைப்புகளை மட்டும் படிக்கிறவர்களுக்கும் இந்தக் குழுவிடம் விருந்து உண்டு. ஓல்காவுக்கு மோனையின் மேல் தீராத ஆசை. ‘பாட் பெல்லி பில்’, ‘மெலன்கலி மார்கரெட்’, ‘டெஸ் த டீமன் டெக்கரேட்டர்’ என்று பெயரைச் சொன்னாலே தாளம் கிடைத்துவிடும். 1987இல் வந்த ‘பேர் ஃபேஸ்ட் சீக்’ ஆல்பத்தில் மொட்டைத் தலை நடிகர் யூல் பிரின்னரை, தலையை ஒட்ட மழித்துக்கொண்டு திரிந்த பிரிட்டன் இளைஞர் கூட்டமான ஸ்கின்ஹெட்களில் ஒருவர் என்று அறிவித்தார்கள். 1989இன் ‘வேக்கி வேக்கி’ ஆல்பத்தில் சந்தர்லாந்தின் ஆஷ்புருக் பகுதி சலவை நிலையம் ஒன்று வருகிறது. நீங்கள் நாறுவீர்கள், துணி சுருங்கும், வெள்ளைத் துணி மைபோலக் கறுத்துவிடும் என்ற புகாரைத் தலைப்பிலேயே பதிவு செய்துவிட்டார்கள். மதிப்புரை எழுதுகிற என்னைப் போன்றவர்கள் இரண்டாயிரம் சொல்லில் செய்வதை ஒரு வரியில் செய்த அந்தத் தலைப்பைப் பொறாமையோடுதான் பார்க்கிறேன். அதே ஆல்பத்தில் பிரையன் க்ளஃப் என்ற கால்பந்து மேலாளருக்கும் ஒரு பாட்டு உண்டு. 1989 ஜனவரியில் ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குள் ஓடிவந்த தன் அணி ரசிகர்களையே அவர் கையால் அடித்து, 5,000 பவுண்டு அபராதம் கட்டினார். அறுபதுகளில் சந்தர்லாந்து அணிக்காக ஆடியவர் என்பதால் அவரும் ஒரு வகையில் ஊர்க்காரர்தான்.

உள்ளூரை விட்டு நகராத இந்தப் பாடல்கள் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தென் அமெரிக்காவிலும் அரங்கங்களை நிரப்பியது எனக்கு இன்னும் வியப்புதான். டோக்கியோவில் பதிவான நேரடி நிகழ்ச்சியே ஓர் ஆல்பமாக வந்திருக்கிறது. குயின் அலெக்சாண்ட்ரா சாலை எங்கே இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஆனால் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் ஆள் வராத அனுபவம் எல்லா ஊரிலும் ஒரு தெருவில் நடந்தே இருக்கும். பாட்டில் தெருவின் பெயர் துல்லியமாக இருப்பதாலேயே கேட்பவர் தன் தெருவின் பெயரை அங்கே வைத்துக்கொள்ள முடிகிறது. பெயரில்லாத ஏதோ ஒரு சாலை என்று எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் இந்த முதல் ஆல்பத்தில் தொடங்கி, நேராக ‘வேக்கி வேக்கி’க்குப் போகலாம், கித்தார் வாசிப்பு அதில் இன்னும் கூர்மையாக இருக்கிறது. 2004இல் ‘எங்கள் கடைசி ஆல்பமா?’ என்று கேள்விக்குறியோடு ஒன்றை வெளியிட்டு, 2012இல் ‘கடைசி ஆல்பத்துக்கு அடுத்த ஆல்பம்’ என்ற பொருளில் பெயரிட்டு இன்னொன்றை வெளியிட்டார்கள். 2019இலும் ஒன்று வந்தது. அவை ரசிகர்களுக்கானவை, அவசரமில்லை. குறுந்தட்டு மறுபதிப்புகளில் அக்காலத் தனிப்பாடல்களைக் கூடுதலாகச் சேர்த்த பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குவது லாபம்.

நான் பழைய இசைத்தட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்து, இணையத்தில் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். ‘மிக நல்ல நிலையில்’ என்று எழுதியிருந்தார். முதல் பக்கம் அப்படியே இருந்தது. இரண்டாம் பக்கத்தில், குயின் அலெக்சாண்ட்ரா சாலைப் பாட்டின் நடுவே மயிரிழை போல ஒரு கீறல். ஊசி அங்கே வந்ததும் நின்று, அரை வரியையே திரும்பத் திரும்பப் பாடுகிறது. மாற்றித் தரும்படி இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. ஆகவே அந்தப் பையன் என் வீட்டில், நான் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி வைக்கும் வரை, சாலையோரத்தில் நின்றுகொண்டேதான் இருக்கிறான்.